குளியலறையில் கணக்கு வாத்தியார்

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். மேட்ச் அன்றைக்கு ஜன்னலோர நாற்காலியில்தான் உட்காருவேன் என்று நான் அடம்பிடித்தால், "மூடநம்பிக்கை" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிடுவார். ஜெயித்த கையுறையைத் துவைக்காதே என்று மகளிடம் சொன்னாலும் அதே வார்த்தைதான். கைவசம் வேறு சரக்கு கிடையாது.

அன்று மகளின் அணிக்கு இறுதி ஆட்டம். அவள் கோல்கீப்பர், கம்பத்தில் தொங்கித் தொங்கி 'வவ்வால்' என்று பேர் வாங்கியவள். போன வருஷம் இதே ஆட்டத்தில் கோட்டை விட்டுவிட்டு, பல நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். இந்தத் தடவையாவது என் பிள்ளை சிரிக்க வேண்டும். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் போட்டேன்.

ஆட்டம் சமனாகி, பெனால்டிக்குப் போனது. இவர் சோபாவில் இருந்தார், எதிரணி கோல் போட்டது. அடுத்ததும் கோல். அவசரம் என்று குளியலறைக்குப் போனார், வவ்வால் பாய்ந்து தடுத்தாள். குஷியாக ஓடிவந்து உட்கார்ந்தார், மறுபடி கோல்.

எனக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க, உள்ள போய் இருங்க."

"எங்க?"

"குளியலறைக்குத்தான். நீங்க அங்க இருந்தப்பதானே தடுத்தா?"

"இது பச்சை மூடநம்பிக்கை. நான் உள்ள இருக்கிறதுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லேன்னா, போறதுல என்ன நஷ்டம்?"

முணுமுணுத்துக்கொண்டே போனார்.

எங்கள் பக்கம் ஒரு கோல் முன்னால். எதிரணிக்கு இதுதான் கடைசிப் பந்து. இதைத் தடுத்தால் கோப்பை.

சட்டென்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் நடக்கப் பழகியதிலிருந்து வாசலில் பந்தை உதைத்து உதைத்துப் பழக்கிய மனுஷர், இதைப் பார்க்காமல் போவதா? ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார். குழாயில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"எழுந்து வாங்க, கடைசிப் பந்து. நம்ம பொண்ணைப் பாருங்க."

கண்ணைத் திறக்கவே இல்லை. "முதல்ல கதவைச் சாத்து. போன தடவை சாத்தித்தான் இருந்துச்சு."

"குழாய் எதுக்கு ஓடுது?"

"அதுவும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. நீ போ."

சாத்திவிட்டு ஓடினேன். வவ்வால் வலப்பக்கம் பாய்ந்தாள். பந்து அவள் விரல்நுனியில் பட்டு வெளியே போனது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவர் நனைந்த காலோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மகள் போன் செய்தாள். மூச்சிரைப்பும் சிரிப்புமாக ஒரே கேள்வி.

"அப்பா, நான் பாய்ஞ்சதைப் பாத்தீங்களா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் பாத்திருந்தா நீ எங்கேம்மா தடுத்திருப்பே?"