பூஜ்ஜியம் மில்லிமீட்டர்

அந்த யோசனையைச் சொன்னது ரூபனா, நானா என்பது இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சில நாள் அது ரூபன் குரலில் கேட்கிறது. சில நாள் என் குரலில்.

சின்னமனூரில் ஓர் உரக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். நிரல் எழுதுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். மேகமலைத் தோட்டம் ஒன்றுக்கு ஒரு செயலி செய்திருந்தோம். மேலே கங்காணி பலவேசம் தினமும் மாலையில் மழைமானியைப் பார்த்து அளவைப் போனில் பதிவார். அது ஜேசன் என்ற தரவு வடிவில் எங்களுக்கு வரும். ஐம்பது மில்லிமீட்டருக்கு மேல் போனால் செயலி சிவப்பு காட்டும். மறுநாள் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் மலையேறாது.

நாங்கள் நிரல் எழுதிய கணினி மொழி கறாரானது. மழை என்பது எண் என்று அறிவித்துவிட்டால் எண்ணைத் தவிர எதையும் வாங்காது. பலவேசமோ மழையில்லாத நாளில் "இல்லை" என்று எழுதுவார். அந்த ஒரு சொல்லுக்காக அன்றைய பதிவு முழுவதும் திரும்பிவிடும். சொல்லிப் பார்த்தோம்.

"இல்லாததுக்கு எதுக்குய்யா நம்பரு?" என்றார்.

வருவது எந்த வகை என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும் நிரல் அறுபது வரிக்கு நீண்டது. பிறகுதான் அந்த யோசனை. எண்ணாக இல்லாத எது வந்தாலும் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்வது. அறுபது வரி நான்கானது. ரூபன் எழுதினான், நான் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். இரண்டு மாதம் ஒரு பிழையும் வரவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை டீக்கடையில் நின்றிருந்தேன். எதிரே டிரைவர் முத்துராஜாவின் ஜீப்பில் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ரூபனின் அம்மா வியாகுலமேரி மட்டும் ஏறாமல் மலையைப் பார்த்தார். ஊரில் தூறல்கூட இல்லை.

"மேல கறுத்துக் கெடக்கே, முத்துராசா."

"பச்சைதான் காட்டுதுக்கா. சைபர். ஒம் மவன் எழுதுனதுதான? அவன நம்புறியா, மேகத்த நம்புறியா?"

"மேகத்தையா நான் பெத்தேன்?" என்று சிரித்தபடி ஏறினார்.

ஒன்பதரைக்கு நாங்கள் அலுவலகத்தில் இருந்தபோது பலவேசம் ரூபனைப் போனில் கூப்பிட்டார். சிக்னல் கிடைக்கும் பாறை வரை நடந்து வந்திருந்தார்.

"கரண்டு இல்ல தம்பி. இன்னைக்குப் பதிவு வராது. பாதையும் அத்துக்கிட்டுக் கெடக்கு. நல்லவேள, ஜீப்பு வராது."

"ஜீப்பு கெளம்பிருச்சேண்ணே. மழை இல்லன்னுதான வந்துச்சு?"

"யார்யா சொன்னா? மானி நெறஞ்சு வழிஞ்சிருச்சு. நேத்து சாயங்காலம் 'நிறைஞ்சிருச்சு'ன்னுதான போட்டேன்? வழிஞ்சு போனதுக்கு நான் எங்கன போயி நம்பரு எடுக்க?"

ரூபன் மூலப் பதிவைத் திறந்தான். அந்தச் சொல் இருந்தது. எங்கள் பட்டியலில் அதே நாளுக்கு நேராகப் பூஜ்ஜியம் இருந்தது.

முத்துராஜாவின் எண்ணைப் பதினொரு முறை அழைத்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே. பிறகு போனை மேசையில் வைத்தான். மதியம் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தானே படித்து ஒப்புதல் கொடுத்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மண் சரிந்த வளைவில் ஜீப் ஓடைக்குள் சாய்ந்திருந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள். வியாகுலமேரியின் வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது.

தேனி ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்ததும் மகனிடம் சொன்னார்:

"ஏலே, சைபருக்கே காலு போச்சு. நூறுன்னு வந்திருந்தா?"

"நான்தாம்மா தப்பா எழுதிட்டேன்" என்றான் ரூபன்.

நான் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தேன்.

வியாகுலமேரி இப்போது கோம்பையில் மகள் வீட்டில் இருக்கிறார். ஊன்றுகோலோடு கோவிலுக்குப் போய்வருகிறார். முத்துராஜா பெரியகுளத்தில் மாங்காய் வண்டி ஓட்டுகிறார். பலவேசம் இன்னமும் சொல்லைத்தான் எழுதுகிறார். ரூபன் அந்த நான்கு வரியை அழித்து மறுபடி அறுபது வரி எழுதினான். புரியாத சொல் வந்தால் இப்போது சிவப்பு காட்டும். அதை முடித்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போனான். நான் அதே மாடியில் இருக்கிறேன். அந்த நான்கு வரியைச் சேர்த்த பழைய திருத்தத்தின் பதிவில், ஒப்புதல் கொடுத்தவர் என்ற இடத்தில், என் பெயர் இருக்கிறது. இதுவரை யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.