பயனாளி எண் ஒன்று

கண்டக்டரம்மா இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் ஓடியவள். அத்தனை வருஷமும் அவள் ஜனங்களிடம் கேட்டது இரண்டே கேள்விதான். "எத்தனை பேருக்கு?" "சில்லறை இருக்கா?" ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய துணிக்கிடங்கில் உணவு நிலையம் ஆரம்பித்தாளே, அங்கே இரண்டாவது கேள்விக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. சாப்பாடு இலவசம்.

மதியம் பன்னிரண்டரைக்கு ஷட்டரைத் தூக்குவார்கள். தோளில் அதே பழைய தோல்பை, கையில் சீட்டுக் கட்டு, வாசல் மேசைக்குப் பின்னால் கண்டக்டரம்மா. வருகிறவர் "மூணு" என்றால் மூன்று சீட்டு கிழிப்பாள். உள்ளே ஜன்னலில் நீட்டினால் மூன்று டப்பா சூடாக வரும். அங்கேயே உட்கார்ந்தும் சாப்பிடலாம், பையில் போட்டுக்கொண்டும் போகலாம். பெயர் என்ன, எந்தத் தெரு, வேலை போய்விட்டதா, புருஷன் போய்விட்டானா, எந்த விசாரிப்பும் கிடையாது.

ஆனால் சீட்டில்லாமல் ஒரு பருக்கை நகராது. திறப்பு விழாவன்று நகராட்சித் தலைவர் மாலையும் கழுத்துமாகப் பந்தியில் உட்காரப் போனபோது, "சீட்டு வாங்கிட்டு உக்காருங்க சார். நம்ம வண்டியில ஓசிப் பயணம் கிடையாது" என்று மறித்துவிட்டாள். கூட்டம் சிரித்தது. எதிரே கேமரா இருந்ததால் தலைவர் எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்தார். முதல் சீட்டை வாங்கினார், சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவியதும் அந்தச் சீட்டின் மேல் கையெழுத்துப் போட்டு அவளிடமே நீட்டினார்.

"வெச்சுக்குங்கம்மா. ஒரு நாள் உதவும்."

பத்திரிகையில் வந்த போட்டோவையும் அந்தச் சீட்டையும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்தாள். உதவும் நாள் ஒன்று வரும் என்று அவள் நினைக்கவில்லை. தலைவரும் நினைத்திருக்க மாட்டார்.

நிலையத்தின் அரிசி, பருப்பு, சிலிண்டர், கிடங்கு வாடகை எல்லாமே நகராட்சி நிதியில்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தத் தடவை நலப்பிரிவு அதிகாரி ஏழு பக்க விதிகளோடு வந்தார். பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். எதிரில் இருப்பவர் முகம் சரியாகத் தெரியாமல் இருந்தால் அவருக்குப் பேச வரும் போலிருக்கிறது.

"ஒண்ணாம் தேதிக்குள்ள இங்க சாப்பிடுற ஒவ்வொருத்தர் பேரும், விலாசமும், போட்டோவும், கையெழுத்தும் வேணும்மா. அந்தப் பட்டியலை இங்க வாசல்லயும், நகராட்சி ஆபீஸ்லயும் ஒட்டணும். இல்லேன்னா நிதி கிடையாது."

"வாசல்ல எதுக்கு சார்?"

"வெளிப்படையா இருக்கணும்ல. வசதி உள்ளவன் வந்து சாப்பிட்டா, பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துப் புகார் குடுப்பான்."

"சார், பஸ்ல ஏறினவங்ககிட்ட எத்தனை பேருன்னு கேட்டிருக்கேன். எதுக்குப் போறீங்கன்னு கேட்டதில்ல."

"இது பஸ் இல்லம்மா."

"பஸ்ஸா இருந்தா உங்களை அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்டிருப்பேனே!"

அவர் போனதும் சமையல்கட்டிலிருந்து நாத்தனார் கரண்டியோடு வெளியே வந்தாள். கண்டக்டரம்மாவின் புருஷனுக்குக் கடைசித் தங்கை. சமையல் முழுக்க அவள் பொறுப்பு. வாயும் அடுப்பும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும்.

"வீராப்பா பேசி அனுப்பிட்டீங்க, அண்ணி. சிலிண்டர் கோவத்துல எரியாது. கேஸ்லதான் எரியும்."

"அதுக்காக வர்றவங்க மூஞ்சியை வாசல்ல ஒட்டச் சொல்றியா?"

"ஒரு நாள் செஞ்சு பார்ப்போம். ஒரு கையெழுத்துல என்ன குறைஞ்சுடப் போகுது? ரேஷனுக்குப் போடலையா, பேங்க்ல போடலையா?"

கண்டக்டரம்மா சேமிப்பு அறையை எட்டிப் பார்த்தாள். அங்கே இருப்பது பத்து நாளைக்கான அரிசி. அது தீர்ந்தால் ஷட்டர் இறங்கும். சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் மேசையில் நீளமான நோட்டு ஒன்று. பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. போட்டோ எடுக்க நாத்தனாரின் செல்போன்.

வரிசை வழக்கம்போலத்தான் நீண்டிருந்தது. நோட்டு கண்ணில் பட்டதும் வால் பக்கமிருந்து கரைய ஆரம்பித்தது. ஒருவருக்குத் திடீரென்று போன் வந்தது. ஒருவர் வேறு எதற்கோ வந்தவர் போல எதிர்க்கடை பல்பைப் பார்த்துக்கொண்டே நழுவினார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு டீச்சர் வந்தாள். பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓடி வருகிறவள். தினமும் மூன்று வாங்குவாள். டப்பாக்களுக்கு மேல் விடைத்தாள் கட்டை வைத்துப் பையை மூடிக்கொள்வாள். பள்ளியில் ஐந்து மாதமாகச் சம்பளம் போடவில்லை என்பது ஊருக்கே தெரியும். டீச்சர் இங்கே வருவது பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது.

"எத்தனை பேருக்கு?" என்றாள் கண்டக்டரம்மா, நோட்டைப் பார்க்காமல்.

"மூணு..." என்றவளின் கண் நோட்டில் விழுந்தது. "இதை எங்க ஒட்டுவீங்க?"

"வாசல்ல."

டீச்சர் பேனாவை எடுத்தாள். பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். வாசலுக்கு வெளியே அந்த நேரம் பார்த்து அவளுடைய மாணவன் எவனோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனான். பேனா நின்றது.

"பரீட்சைப் பேப்பரை ஸ்டாஃப் ரூம்லயே விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்."

விடைத்தாள் கட்டு அவள் கையிலேயே இருந்தது. கண்டக்டரம்மா அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. டீச்சர் திரும்பி வரவில்லை.

நூற்றெண்பது சீட்டு கிழியும் இடத்தில் அன்றைக்கு எழுபத்தொன்று. இரண்டு மணிக்கு நாத்தனார் பெரிய பாத்திரத்தின் மூடியைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். பாதிக்கு மேல் சோறு.

"அண்ணி," என்றாள், குரலில் சுருதி இறங்கி. "நாலு வருஷத்துல இவ்வளவு மிஞ்சினதே இல்ல."

"ஒரு கையெழுத்துல என்ன குறைஞ்சுடும்னு கேட்டியே. பாத்திரத்தைப் பாரு."

"குத்திக் காட்டாதீங்க. எனக்கே வயிறு எரியுது. அந்த நோட்டை அடுப்புல போடட்டுமா?"

"எழுதின பக்கத்தை மட்டும் போடு. நோட்டு இருக்கட்டும்."

நாத்தனார் எழுதியிருந்த பேர்களையெல்லாம் கிழித்து, ஆசை தீர அடுப்பில் திணித்தாள். டீச்சர் போட்ட ஒற்றை எழுத்தும் அதில் போயிற்று.

கண்டக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏழு பக்கத்தையும் படித்தாள். நாலாவது விதியில் விரல் நின்றது. உரக்கப் படித்தாள்: "'நிலையத்தில் உணவு உட்கொண்ட ஒவ்வொருவரும், பதவி, வருமானம் என்ற பேதமின்றிப் பயனாளியாகக் கருதப்படுவர்.'"

"அதுக்கென்ன?"

"உட்கொண்ட ஒவ்வொருவரும். பதவி பேதமின்றி." மேசைக் கண்ணாடியை லேசாகத் தூக்கினாள். அடியிலிருந்த போட்டோவையும் சீட்டையும் உருவினாள். "பேரு இருக்கு, போட்டோ இருக்கு, கையெழுத்தும் இருக்கு. விலாசம் ஊருக்கே தெரியும்."

நாத்தனாரின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது. "அய்யோ அண்ணி! நீங்க உருப்படவே மாட்டீங்க!" என்று சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

மறுநாள் காலை பட்டியல் நிலையத்து வாசலில் ஒட்டப்பட்டது. விதிப்படியே இன்னொரு பிரதி நகராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில். பயனாளி எண் ஒன்று: நகராட்சித் தலைவர், மாலையோடு, வாயில் கவளத்தோடு. எண் இரண்டு: மாதாமாதம் ருசி பார்க்க வரும் சுகாதார ஆய்வாளர். எண் மூன்று: நலப்பிரிவு அதிகாரி, போன வருஷம் ஆய்வுக்கு வந்து இரண்டு சீட்டு வாங்கியவர், அன்று எடுத்த போட்டோவோடு. அதன் பிறகு கண்டக்டரம்மா, நாத்தனார், பாத்திரம் கழுவும் நாலு பெண்கள்.

பத்து மணிக்குள் பலகை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. "பாவம்யா, தலைவர் வீட்டுல அடுப்பெரியலையாம்" என்று ஒருவர் உச்சுக்கொட்ட, "நம்ம வீட்டுலேர்ந்து ஒரு வாய் கொடுத்தனுப்பலாமா?" என்று இன்னொருவர் கேட்டார்.

பதினொரு மணிக்கு நகராட்சிக் கூட்டத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. கண்டக்டரம்மா தோல்பையை மாட்டிக்கொண்டு போனாள்.

தலைவர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டிருந்தார்.

"என் படத்தை ஒட்டி, கீழ பயனாளின்னு எழுதியிருக்கீங்க. ஊரே சிரிக்குது!"

"சிரிக்க இதுல என்ன சார் இருக்கு? சாப்பிட்டீங்க. ரெண்டாந்தடவை கேட்டும் வாங்கினீங்க."

உறுப்பினர்கள் வரிசையில் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள்.

"அது விழாம்மா!"

"விழாவுல சாப்பிட்டா சேராதுன்னு விதியில இல்லையே. உட்கொண்ட ஒவ்வொருவரும்னு இருக்கு. நான் எழுதின விதியா சார்?"

"அதுக்காக? நாலு பேர் மத்தியில என் மரியாதை என்ன ஆகுறது?"

கண்டக்டரம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அதேதான் சார். ரெண்டு நாளா இந்த வார்த்தையைத்தான் தேடிட்டு இருந்தேன். சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லாத உங்களுக்கு, காலையில ஒட்டினது பதினொரு மணிக்குத் தாங்கல. கஷ்டப்பட்டு வர்றவங்களுக்குத் தினமும் ஒட்டணுமா?" தோல்பையிலிருந்து கிழித்த சீட்டுகளின் அடிக்கட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள். "எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு கேளுங்க, ஒண்ணு குறையாம சொல்றேன். யார் யார்னு கேட்டா சொல்ல மாட்டேன். நிதியை நிறுத்துறதா இருந்தா நிறுத்துங்க. அடுப்பு ஏன் அணைஞ்சதுன்னு தினமும் பன்னிரண்டரைக்கு வாசல்ல நின்னு சொல்லுவேன். இருபத்தாறு வருஷம் ஹாரனுக்கு மேல கத்தின தொண்டை இது."

"முதல்ல படத்தை எடுங்க. அப்புறம் பேசலாம்."

"முதல்ல விதியை எடுங்க சார். படம் கூடவே வந்துடும்."

கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அவள் பட்டியலைத் தொடவில்லை. நகராட்சிப் பலகையிலிருந்த பிரதியை யாரோ கிழித்தார்கள். மறுநாள் புதிதாக ஒன்றை ஒட்டிவிட்டு வந்தாள். அதையும் கிழித்தார்கள். மூன்றாவதை ஒட்டினாள். கையெழுத்து நோட்டு மேசையிலிருந்து போய்விட்டதால் வரிசை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. சேமிப்பு அறையில் அரிசி மூட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. ஆறாம் நாள் நாத்தனார் கடைசி மூட்டையின் வாயைப் பிரித்தாள். அன்று அவள் வாய் பேசவே இல்லை.

ஏழாம் நாள் நலப்பிரிவு அதிகாரி ஒரு கடிதத்தோடு வந்தார். கண்டக்டரம்மா வாசல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பெயர்ப்பட்டியல் நீக்கம். சீட்டு எண்ணிக்கை போதுமானது. நிதி புதுப்பிக்கப்படுகிறது. அடியில் சின்னதாக ஒரு வரி: மாதச் சிலிண்டர்களில் ஒன்று குறைக்கப்படுகிறது.

"பார்த்தீங்களா அண்ணி! மரியாதைக்கு ஒரு சிலிண்டர் பிடிச்சுக்கிட்டாரு!" என்று நாத்தனார் குதித்தாள். வாய் திரும்ப வந்துவிட்டது.

"பிடிச்சுக்கட்டும். அடுத்த மாசமும் கூட்டம் இருக்கு. எனக்கு வழி தெரியும்."

அதிகாரி சுவரிலிருந்து பட்டியலை நகத்தால் சுரண்டி எடுத்தார். தன் படத்தை மட்டும் தனியாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போகத் திரும்பியவரைக் கண்டக்டரம்மா நிறுத்தினாள். ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க சார். யாரும் எழுதிக்க மாட்டோம்."

அவர் கண்ணாடியைத் துடைக்காமலேயே அவளைப் பார்த்தார். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வாசலில் டீச்சர். சுவரைப் பார்த்தாள். பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது. மேசையைப் பார்த்தாள். நோட்டு இல்லை.

"எத்தனை பேருக்கு?"

டீச்சர் பையின் வாயைத் திறந்து பிடித்தாள். "நாலு."

இதுவரை மூன்று. இப்போது நாலு. கண்டக்டரம்மா ஏன் என்று கேட்கவில்லை. நாலு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, டீச்சரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அடுத்து யாருங்க? முன்னால வாங்க!"