பாதிப் பொருத்தம்

பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் நின்றுவிட்டார்கள். பவளம் நிற்கவில்லை.

“பாப்பா, பொம்பளைங்களுக்கு இதோட சரி,” என்றார் பெரியப்பா வேதகிரி.

“தெரியும் பெரிப்பா.” அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

முன்னால் நாலு பேர் தோளில் போய்க்கொண்டிருந்தவன் அவள் அண்ணன் பச்சமுத்து. எமர்ஜென்சி முடிந்த பங்குனியில்தான் வேலூருக்குப் போய்த் தன் கிட்னிகளில் ஒன்றை அவனுக்குக் கொடுத்தாள். ஆடி பிறப்பதற்குள் அவன் உடம்பு அதைத் தள்ளிவிட்டது.

காலையில் அவனைக் குளிப்பாட்டியபோது அண்ணி எல்லம்மாள் ஒப்பாரியை நடுவில் நிறுத்தி, ஊர் கேட்கச் சொன்னாள்: “மனசாரக் குடுத்திருந்தா ஒட்டிக்கினு இருந்திருக்கும்.” ஊசிப்போன சோற்றுப் பானையைப் பார்ப்பதுபோல எல்லாரும் பவளத்தின் இடுப்பைப் பார்த்தார்கள்.

வேலூர் டாக்டர் ஒளிக்காமல்தான் சொல்லியிருந்தார். “கூடப் பொறந்தவங்கன்னாலும் ரத்தத்துல இருக்கிற அடையாளம் பாதிதாம்மா சேருது. மீதிப் பாதிய அவர் உடம்பு வேத்தாள்னு தொரத்தப் பாக்கும். மருந்து குடுத்து அடக்கிப் பாக்கலாம். யோசிச்சுச் சொல்லு.” அவள் யோசிக்கவில்லை.

கடைசிக் காய்ச்சலில் பச்சமுத்து சிரித்தான். “சின்ன வயசுலேர்ந்து உன்கூட மல்லுக்கு நின்ன உடம்புடி இது. இப்ப மட்டும் சும்மா இருக்குமா?”

வேதகிரி மூச்சிரைக்க அவள் பக்கத்தில் வந்தார். “இன்னா பிடிவாதம் இது? ஊரு இன்னா பேசும்?”

“காலையிலயே பேசிட்டாங்களே. பாதிதான் சேருதுன்னு தெரிஞ்சிதான் குடுத்தேன் பெரிப்பா. மனசு இல்லாதவ வயித்தக் கிழிச்சிக்குவாளா?”

அவள் முன்னால் போகும் பாடையைக் காட்டினாள்.

“அவனுக்குள்ள கீறது என்னுது. அத்த நான்தான் கொண்டுபோய் வுடணும்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு இருவரும் ஒன்றாகவே நடந்தார்கள்.

செய்யாற்று மணலில் கட்டை அடுக்கி அவனைக் கிடத்தினார்கள். காலிலிருந்து வரட்டியால் மூடிக்கொண்டு வந்தார்கள். வலது அடிவயிறு, அவளுடையதை வைத்துத் தைத்த இடம், வந்தபோது பவளம் குனிந்து கூடையிலிருந்து ஒரு வரட்டியை எடுத்தாள். அடுக்கிக்கொண்டிருந்தவர் வேதகிரியைப் பார்த்தார். வேதகிரி ஆற்றைப் பார்த்தார்.

வரட்டியில் ஒட்டியிருந்த வைக்கோலை விரலால் தட்டிவிட்டு, அவள் அந்த இடத்தில் வைத்தாள். கொஞ்சம் கோணலாக இருந்தது. நேராக்கினாள்.