கப்பல் உத்தரம்

“யோவ் சிரில், அந்த ஆபீசர் வர்றப்போ கப்பல் மரம்னு வாயத் தொறந்தே, கிளாஸை உன் தலையிலேயே கவுத்துடுவேன்!”

“கத்தாதே தாயே! உடைஞ்ச ஸ்பெயின் கப்பல்லேர்ந்து வந்த உத்தரம் அது. எங்கப்பாவே சொல்லியிருக்காரு.”

“வர்ற டூரிஸ்ட்கிட்டயெல்லாம் அதைச் சொல்லித்தானே ஓசி பீர் குடிக்கறே!”

இங்கிலாந்தில், டெவன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ‘கருங்குதிரை’ பப்பை நடத்தும் தெல்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. பின்னறைக்குப் போகும் வழியில், சரியாக நெற்றி உயரத்தில், அந்த உத்தரம் கரேலென்று படுத்திருந்தது. பின்னறையில் ஞாயிறு மதியச் சாப்பாடு ஓடினால்தான் கடை பிழைக்கும். நெற்றி புடைத்துப் போனவர்களோ மறுவாரம் எட்டிப் பார்ப்பதில்லை. கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருந்ததால் ஆணி பிடுங்கக்கூட அனுமதி வேண்டும்.

உத்தரத்தை எடுக்க அனுமதி தரவேண்டிய அதிகாரி ஹ்யூபர்ட் வந்தார். பனைமர உயரம். கடையே கதியென்று கிடக்கும் வாடிக்கைக்காரர் சிரில் சும்மா இருப்பாரா? கப்பலை மிதக்கவிட்டார். அதைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டே அதிகாரி பின்னறைக்கு நடந்தார்.

“சார், குனி...”

தெல்மா சொல்லி முடிப்பதற்குள் இடித்துக்கொண்டார். உத்தரத்தின் முகப்பு பெயர்ந்து விழுந்தது. உள்ளே வெறும் கூடு! கறுப்புச் சாயம் அடித்த பழப்பெட்டிப் பலகைகள். உட்புறத்தில் ‘வலென்சியா ஆரஞ்சு’ என்று அச்சு.

“பாத்தியா! ஸ்பெயின்லேர்ந்து கப்பல்ல வந்ததுதானே?” என்றார் சிரில், கொஞ்சமும் கூசாமல்.

“அப்ப எடுத்துடலாம்ல சார்?” தெல்மாவுக்குக் குரலே மாறிவிட்டது.

பரிமாறுகிற பெண் பிரையனி அதிகாரியின் நெற்றியில் ஐஸ் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அது தேவைக்கு மேலேயே நீண்டது என்பது தெல்மாவின் அபிப்பிராயம்.

“அதெப்படிங்க?” என்றார் ஹ்யூபர்ட். “ பட்டியல்ல சேத்தப்பவே இது இங்க இருந்திருக்கு. அறுபதுகள்ல பப்புகளை இப்படித்தான் பழசு மாதிரி ஆக்கினாங்க. அதுக்கு இது அருமையான சாட்சி. பலகையைத் திரும்ப அடிச்சுடுங்க. முடிஞ்சா அதே ஆணியில.”

தெல்மா சுத்தியலை எடுத்து சிரில் கையில் கொடுத்தாள்.

குளிர்காலத்துக்கு முன்பே கடையை விட்டுவிட்டு, ஸ்பெயினில் உத்தரமே இல்லாத ஃபிளாட்டுக்குக் குடிபோனாள். உத்தரத்தைப் ‘பார்வையிட’ வாராவாரம் வந்த ஹ்யூபர்ட், பிரையனியைக் கல்யாணம் செய்துகொண்டு, வேலையை உதறிவிட்டுக் கடையையும் எடுத்து நடத்தத் தொடங்கினார். முதல் மாதமே நெற்றியைத் தடவிக்கொண்டு, உத்தரத்தை அகற்ற விண்ணப்பம் போட்டார். அவர் நாற்காலிக்கு வந்த புது அதிகாரி குள்ளம். உத்தரத்தின் கீழ் நிமிர்ந்தே நடந்து போய்ப் பார்த்துவிட்டு, முடியாது என்று எழுதிவிட்டார்.