வலது மட்கார்டு

பாலைவன வண்டிப் பந்தயத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. ஒரு ஜோடி ஃபைபர் மட்கார்டை அச்சில் வார்த்து, காயவிட்டு, ஓரம் தேய்த்துக் கொடுக்கப் பட்டறைக்காரர் கர்ட்டிஸுக்கு ஒன்பது நாள் வேண்டும்.

"சாயந்திரம் நாலு மணிக்குள்ள சொல்லிடணும்" என்றார் அவர். "நாலு இன்ச்சா, ஆறு இன்ச்சா. நாலு அடிச்சதும் ரெசின் கலக்கிடுவேன். அப்புறம் நீங்க அழுதாலும் மாத்த முடியாது."

பட்டறைச் சுவர் முழுக்க மட்கார்டுகள் தொங்கின. சாயம் பூசாத வெள்ளை. கம்பெனி மட்கார்டைவிட நாலு அங்குலம் வெளியே புடைத்தவை ஒரு வரிசை, ஆறு அங்குலம் புடைத்தவை இன்னொரு வரிசை. ரெசின் பசையின் நெடி தொண்டையில் இறங்கி அங்கேயே தங்கியது. நொயேலியா வாசலை ஒட்டி நின்றாள். கடைகளுக்குள் போனால் அண்ணன் பேசுவான், அவள் பின்னால் நிற்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அண்ணன் எஃப்ராயின் ஆறு அங்குல மட்கார்டின் மேல் கை வைத்திருந்தான். "ஆறு" என்றான்.

"உன் வண்டிக்கா? உன் டயர் நாலு இன்ச்சுக்கே உள்ள ஒளிஞ்சுக்கும். ஆறு போட்டா சின்னப் பையன் அப்பா தொப்பிய மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்."

"பரவாயில்ல. ஒரசுது."

"எங்க?"

"வலது பக்கம். ஸ்பிரிங் முழுசா அமுங்கறப்ப."

"வலது மட்டுமா?"

"வலதுதான் ஜாஸ்தி."

கர்ட்டிஸ் சிரித்தார். "ரெண்டு பக்கமும் ஒரே ஸ்பிரிங், ஒரே அளவு. டயருக்கு வலது இடது தெரியுமா என்ன?" பிறகு நொயேலியாவைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. வலது சீட்டுல உக்கார்றவ நீதான. டயர் ஒரசினா காதைக் கிழிக்குமே. கேட்டியா?"

அவள் ஒருபோதும் கேட்டதில்லை. "இந்தத் தடவ அண்ணன் பொண்ணு டாலியா உக்கார்றா" என்றாள்.

"அந்தக் குட்டியா? அதுக்குள்ள பதினெட்டு ஆயிடுச்சா?" அவர் ஒரு மட்கார்டைக் கழற்றித் தரையில் நிறுத்தி முஷ்டியால் ஓங்கிக் குத்தினார். அது உள்ளே போய்த் திரும்பிப் பழைய இடத்துக்கு வந்து நின்றது. "பாத்தியா. இரும்புன்னா இந்நேரம் பள்ளம் விழுந்திருக்கும். இதுல லேசா இடிச்சா அடையாளமே தெரியாது."

அதைக் கேட்டதும் அண்ணனின் தோள் இறங்கியதை நொயேலியா பார்த்தாள். சுமையைக் கீழே வைத்தவன் தோள் அப்படி இறங்கும்.

"ஆனா ஒண்ணு" என்றார் கர்ட்டிஸ். "ஆறு போடணும்னா உள்தகடை வெட்டணும். வெட்டினது வெட்டினதுதான். மொதல்ல ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, ஜாக்கி வெச்சு டயரை மேல ஏத்திப் பாருங்க. எங்க ஒரசுதுன்னு தெரிஞ்சுகிட்டு எனக்கு ஃபோன் போடுங்க."

திரும்பும்போது எஃப்ராயின்தான் இடப்பக்கம் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து ஓட்டினான். கால்வாயை ஒட்டிய நேர்ச்சாலை. இரண்டு பக்கமும் லெட்யூஸ் கீரை வயல்கள், அறுவடை ஆட்கள், வரிசையாக அட்டைப்பெட்டிகள். அவன் வலது ஓரத்தை விட்டு விலகி நடுக்கோட்டை ஒட்டியே போனான். எதிரே வந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்துக் கையை விரித்துக் காட்டினான். எஃப்ராயினும் பதிலுக்குக் கையை விரித்துச் சிரித்தான். குறுக்குச் சாலை வந்தபோது கழுத்தோடு தோளையும் சேர்த்து வலப்பக்கம் திருப்பிப் பார்த்தான். முன்பெல்லாம் ஒரு பார்வையோடு முடித்துவிடுவான்.

ஆறு வருடம் பந்தயங்களில் அவனுக்கு வலப்பக்க சீட்டில் உட்கார்ந்தவள் அவள். மடியில் திரை, அதில் பாதை. வளைவு, பள்ளம், பாறை என்று ஒவ்வொன்றும் வருவதற்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டிருப்பது அவள் வேலை. வெளியே அவ்வளவாகப் பேசாத நொயேலியா ஹெல்மெட்டுக்குள் நிறுத்தாமல் பேசுவாள். அவள் சொல்லச் சொல்ல அவன் கை திரும்பும். இருவருக்கும் நடுவே அதைவிட நெருக்கமான எதுவும் இருந்ததில்லை.

ஜனவரி ஒத்திகையில், காய்ந்த ஓடையில், "வலது, மரம்" என்று மூன்று முறை சொன்னாள். அவன் மரத்தை உரசிக்கொண்டே போனான். பக்கக் கண்ணாடி பிய்ந்து போயிற்று. கண்ணில் வெயில் அடித்தது என்றான். காலை பத்து மணி, மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வெங்காய விதைகளை ஈரத்தாளில் முளைக்கவிட்டு எண்ணுகிற பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஒரு தட்டைப் பார்த்துவிட்டு எந்த முடிவும் எழுத மாட்டாள். இன்னொரு தட்டு, மறுபடி இன்னொன்று. அப்படித்தான் அண்ணனையும் பார்த்துக்கொண்டு வந்தாள். சாப்பிடும்போது மேஜையின் வலது ஓரத்துக்கு மாறி உட்கார்ந்தான், எல்லோரும் தன் இடப்பக்கம் வருகிற மாதிரி. அண்ணி நீட்டிய காப்பிக் கோப்பையை ஒரு தடவை கை தட்டிவிட்டது. எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு சிரிப்பு இருந்தது.

மரத்தில் இடித்த மறுவாரம், "இந்தத் தடவ டாலியா வரட்டும். நீயும் கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்றான். கத்திக் கத்திப் பேசியதற்குத் தண்டனை என்று நினைத்து இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் வேறொன்று தோன்றியது. டாலியா இதுவரை அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. அப்பா முன்பு எப்படி ஓட்டினார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து நொயேலியாவுக்குச் சரியான தூக்கம் இல்லை.

"அண்ணே."

"ம்."

"ஜனவரில அந்த மரம்..."

"இன்னும் அந்த மரத்த விடலயா நீ? அந்த மரமே மறந்திருக்கும்."

அவள் சிரித்தாள். அவன் வேடிக்கையாகப் பேசினால் சிரிப்பது பழக்கமாகிவிட்டது. சிரித்தபிறகு மேற்கொண்டு பேச முடியவில்லை. அவன் பால்பண்ணைகளுக்கு வைக்கோல் கட்டு ஏற்றிப்போகிற பெரிய லாரி ஓட்டுகிறவன். லாரி உரிமத்துக்கு மருத்துவப் பரிசோதனை ஜூனில். வீட்டுத் தவணை, டாலியாவின் படிப்பு, அம்மாவின் மருந்து எல்லாம் அந்த லாரி சீட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. இதை நினைக்கும்போதெல்லாம் அவள் மனதில் ஒரு வாக்கியம் பாதி வரை வந்து நின்றுவிடும். முழுதாக அதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

வீட்டு முற்றத்தில் பந்தய பிக்கப் வண்டியைத் தூக்கி நிறுத்தி வலது முன்சக்கரத்தின் ஸ்பிரிங்கைக் கழற்றினார்கள். டயர் இப்போது தொங்கியது. ஜாக்கியால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம். எஃப்ராயின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தான். நொயேலியா டயரின் தோள்பட்டை முழுக்க சாக்பீஸ் பூசினாள். எங்கே உரசினாலும் தகட்டில் வெள்ளையாகத் தெரிந்துவிடும்.

ஜாக்கியை அடித்தாள். டயர் ஏறியது. வண்டிச் சட்டத்தின் அடியிலிருந்த ரப்பர் கட்டையில் போய் முட்டி நின்றது.

"ஒரசுதா?" என்றான் உள்ளேயிருந்து.

"இல்ல. இடது பக்கம் திருப்புங்க."

திருப்பினான்.

"வலது."

திருப்பினான்.

"இன்னும் ஏத்து" என்றான்.

"கட்டையில முட்டிடுச்சு. இதுக்கு மேல ஏறாது."

அவள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மட்கார்டுக்குள் தலையை நுழைத்தாள். டயருக்கும் இரும்புக்கும் நடுவில் மூன்று விரல் தாராளமாகப் போயிற்று. தகட்டின் உள்பக்கத்தில் ஒரு புள்ளி வெள்ளை இல்லை. கம்பெனியில் பூசிய கறுப்புப் பூச்சு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதன் மேல் மெல்லிசாகப் பாலைவனத் தூசி. டயர் ஒரு முறை தொட்டிருந்தால் அந்தத் தூசி இருந்திருக்காது. இறக்கிவிட்டு மறுபடி சாக்பீஸ் பூசி, மறுபடி ஏற்றினாள். அதே மூன்று விரல்.

வெளியே வந்து மட்கார்டின் மேல்பக்கத்தைத் தடவினாள். மூன்று நசுங்கல். மூன்றும் வெளியிலிருந்து உள்ளே போனவை. ஒன்றில் மரப்பட்டையின் நார் இன்னும் ஒட்டியிருந்தது. இன்னொன்றில் கால்வாய் மதகுக் கம்பத்துப் பச்சை பெயிண்ட். மூன்றாவது எதில் பட்டதென்று தெரியவில்லை. ஜனவரியில் அது இல்லை. எழுந்து முன்னால் போய் இடது மட்கார்டைப் பார்த்தாள். சேறு அடித்திருந்ததே தவிர ஒரு பள்ளம் இல்லை.

"அண்ணே, எங்கயும் ஒரசல."

டார்ச்சை அணைத்துப் பையில் போட்டாள்.

"ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"ஆறுன்னே சொல்லிடு."

"ஒரசலங்கறேன்."

"காது கேக்குது நொயேலியா. ஆறுன்னு சொல்லு." அவள் வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் கழுத்தைத் திருப்ப வேண்டும். திருப்பவில்லை. குரலைத் தாழ்த்தி, "இந்த ஒரு பந்தயம். அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

எதைப் பார்த்துக்கொள்வது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ. அதற்குள் கேட் திறந்தது. டாலியா புது ஹெல்மெட்டை மாட்டிய தலையோடே சைக்கிளில் வந்தாள். தெருவில் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வண்டி ஜாக்கியில் நிற்பதைக்கூடப் பார்க்காமல் வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினாள்.

"பாத்து ஏறுடி, வண்டி ஜாக்கியில நிக்குது" என்றாள் நொயேலியா.

"நீங்கதான வெச்சீங்க, விழாது." ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சீட்டை மோந்து பார்த்தாள். "அத்தை, இந்த சீட்டு என்ன இப்படி நாறுது?"

"என் ஆறு வருஷ வேர்வை. மரியாதையா உக்காரு."

"துவைச்சுக் குடுத்திருக்கலாம்ல." தோள் பெல்ட்டை இழுத்து இறுக்கினாள். "அப்பா சொல்றாரு, எனக்கு வேலையே இல்லயாம். திரையப் பாத்து வாசிச்சா போதுமாம். வெளிய பாக்கவே வேணாமாம், தலை சுத்துமாம். அத்தை மாதிரி கத்தவும் வேணாமாம்."

எஃப்ராயின், "அது மொதத் தடவைக்கு" என்றான்.

நொயேலியாவின் கையில் சாக்பீஸ் உடைந்தது. டாலியாவின் வலது முழங்கை சன்னல் விளிம்பில் இருந்தது. அதற்கு நேர் கீழே, ஒரு முழம் முன்னால், அந்த மூன்றாவது நசுங்கல்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கர்ட்டிஸே கூப்பிட்டார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் புறங்கையால் தொட்டு ஸ்பீக்கரில் போட்டு, ஃபோனை பானெட்டின் மேல் வைத்தாள். பின்னணியில் யாரோ எதையோ தேய்க்கிற மிஷின் இரைந்துகொண்டிருந்தது.

"என்னம்மா, ரெசின் டப்பாவத் தொறந்துட்டேன். நாலா ஆறா?"

"ஆறு சொல்லுங்க அத்தை" என்றாள் டாலியா. "பாக்க கெத்தா இருக்கும்."

எஃப்ராயின் ஸ்டீயரிங்கைக் கடைசியாக வலப்பக்கம் திருப்பி, அதை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எங்க ஒரசுது?" என்றது ஃபோன்.

"எங்கயும் ஒரசல."

"அப்ப உங்க அண்ணன் என்ன கதை சொன்னான்? மட்கார்டு அப்படி நசுங்கிக் கெடக்கே."

மிஷின் நின்று மறுபடி ஓடியது. கர்ட்டிஸிடம் சொன்னால் ராத்திரிக்குள் பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பால்பண்ணைக்காரர்களுக்கும் தெரிந்துவிடும். "ரெசின் கலக்காதீங்க. நான் கூப்பிடறேன்" என்றாள்.

"நாலு மணிக்கு மேல கூப்பிட்டா ஒண்ணும் பண்ண..."

புறங்கையால் தொட்டு அணைத்தாள். திரையில் கிரீஸ் தடம் விழுந்தது.

"ஏன் வெச்சிட்டீங்க?" என்றாள் டாலியா. "அத்தை? அப்பா, என்னாச்சு?"

நொயேலியா காத்திருந்தாள். இதைச் சொல்ல வேண்டியவன் அவன்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் நேராக எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். பக்கத்து வீட்டில் யாரோ தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"டாலியா, பெல்ட்டக் கழட்டிட்டு எறங்கு."

"இப்பத்தான மாட்டினேன்."

"எறங்கு."

"ஏன்னு சொல்லுங்க, எறங்கறேன்."

"உங்க அப்பாவுக்கு" என்றாள். கிரீஸ் கையை வண்டியின் மேல் ஊன்றிக்கொண்டாள். "உங்க அப்பாவுக்கு வலது கண்ணு தெரியல."

தரையிலிருந்து உயர்ந்து, கடைசிவரை வலப்பக்கம் திரும்பி நின்றிருந்த டயர், உள்ளே ஸ்டீயரிங்கின் மேலிருந்த கைகள் தளரத் தளர, கொஞ்சம் கொஞ்சமாக நேருக்கு வந்துகொண்டிருந்தது.