முடிவுத் தேதி இல்லாத கோடு

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் காணாமல் போன சோதிலிங்கம், போன வருடம் ஒரு புதன்கிழமை காலை கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டிய வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வயது அப்போதும் முப்பத்தொன்றுதான். காரணம் மகள் பிரியாந்தினி. கண்டியில் தமிழ் பேசும் குடும்பங்களின் வரலாற்றை அவள் இணையத்தில் ஒரு காலக்கோடாக வரைந்து, யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாகப் பகிர்ந்திருந்தாள். அப்பாவின் பெயரைத் தொட்டால் கல்யாணப் படம் விரியும். இறந்த தேதி தெரியாததால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். முடிவில்லாத கோட்டை அந்தச் செயலி இன்றுவரை இழுத்துவிடும். அது தன் வேலையைச் செய்தது, அவ்வளவுதான்.

மனைவி கஜலட்சுமிக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. வெட்கத்தோடு மறுபடி பொட்டு வைத்துக்கொண்டார். மகளைச் சோதிலிங்கம் "அக்கா" என்று கூப்பிட்டார், யாரும் திருத்தவில்லை. அயலவர்கள் முதல் கிழமை எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு மரக்கறி விலையைப் பேசப் போய்விட்டார்கள்.

வினை கனடாவிலிருந்து வந்தது. தேதி தெரியாத தகப்பனுக்காக அந்த வீட்டில் ஆடி அமாவாசையில்தான் விரதம் பிடித்து, காத்தோட்டிக்காய் சமைத்துப் படைப்பார்கள். அந்தக் கசப்பைத் தின்று வளர்ந்த மகன் அனோஜன், அதுதான் அப்பா செத்த நாள் என்றே நம்பியிருந்தான். வெறுமையாகக் கிடந்த கட்டத்தைக் கண்டதும் எண்பத்து மூன்றின் ஆடி அமாவாசையைப் பதிந்துவிட்டான். அம்பிட்டியவில் கோப்பை விழுந்து உடைந்தது, கதிரையில் ஆளில்லை. பிரியாந்தினி தேதியை அழித்தாள், வந்தார். அனோஜன் மறுபடி பதிந்தான், போனார். "அப்பா செத்திட்டார் எண்டு ஒருக்கா என்னை அழ விடடி!" என்று அவன் தொலைபேசியில் கத்தினான். பாவம், அவனையும் பிழை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் சோதிலிங்கம் இன்னும் கொஞ்சம் வெளிறித் திரும்பினார். கஜலட்சுமி பயத்தில் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தபடியே இருந்தார்.

பொலிசிலும் கோயிலிலும் கண்டவர் நின்றவரிடமும் நாற்பது வருடமாகக் கேட்டதை, கடைசியில் அவரிடமே கேட்டார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் எண்டைக்குச் செத்தனீங்கள்?"

"ஊரடங்கை எடுத்துவிட்ட அண்டைக்கு," என்றார் சோதிலிங்கம். "வீட்டதான் வந்துகொண்டிருந்தனான். களைச்சுப் போனன் கஜம். தேதியைப் போட்டு விடும்."

கஜலட்சுமி மகளின் கையை விலக்கிவிட்டுத் தானே பதிந்தார். பிறகு வாய்விட்டு அழுதார். தொலைபேசியின் அந்தப் பக்கம் அனோஜனும் அழுதான். இப்போது அந்த வீட்டில் சோதிலிங்கத்துக்கென்று சொந்தமாக ஒரு திதி இருக்கிறது.

காலக்கோட்டில் வெறுமையான கட்டங்கள் இன்னும் நிறைய உண்டு. அதனால் கண்டி - தெல்தெனிய பஸ்ஸில் நரைத்த பெண்களுக்குப் பக்கத்தில் இளம் புருஷன்மார் உட்கார்ந்து போவதும், கொண்டக்டர் இரண்டு பேருக்கும் டிக்கெட் கிழிப்பதும் வழக்கமாகிவிட்டது. போன மாதம் தெல்தெனியவிலிருந்து ஷஹ்மா என்ற பெண் அழைத்து, திரும்பி வந்திருக்கும் தன் அண்ணனுக்கு, அவள் சொல்லில் நானாவுக்கு, தேதி போடலாமா என்று கேட்டாள்.

"அவரிட்டையே கேளுங்கோ பிள்ளை," என்றார் கஜலட்சுமி. "அவைக்குத் தெரியும்."