நல்ல நாள்ல அளந்த ஸ்டூல்

முதுகுவலி எனக்குப் பதினோரு வருஷமா இருக்கு. எங்க வீட்டுக்காரர விட்டா வேற யாரும் என்கூட இவ்வளவு ஒட்டிக்கிட்டு இருந்ததில்ல. மாத்திரை, பெல்ட்டு, ஊசி எல்லாம் பாத்தாச்சு. காலையில நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி அது எந்திரிச்சு உக்காந்திருக்கும்.

கொஞ்சம் மறக்கறது மரம் இழைக்கும்போது மட்டுந்தான். பின்ரூம்ல ஒரு மேசை, ரம்பம், இழைப்புளி, ரெண்டு உளி, அவ்ளோதான் என் சொத்து. ஆனா இப்பல்லாம் பத்து நிமிஷம் நிக்க முடியல. சரி, உக்காந்து வேலை பாக்க ஒரு ஸ்டூல் செஞ்சுக்குவோம்னு ஆரம்பிச்சேன். மூணு வாரம் இழுத்துச்சு. ஒரு நாள் வேலைன்னா ரெண்டு நாள் படுக்கை.

இதுல எம்பொண்ணு வேற. போன மாசம் நான் கட்டை எடுக்கக் குனிஞ்சு நிமிர முடியாம நின்னத அவ பாத்துட்டா. "இன்னொரு தடவ இப்படி மாட்டிக்கிட்டே, அத்தனை சாமானையும் மூட்ட கட்டி எடுத்துட்டுப் போயிடுவேம்மா"ன்னுட்டா. சொன்னா செய்வா, என் வயித்துல பொறந்தவளாச்சே.

நேத்து சாயங்காலம் ஸ்டூல் முடிஞ்சுது. ஆடல, கிரீச்சுன்னு சத்தமும் இல்ல. உக்காந்து ஒரு பலகைய இழைச்சேன், சுருள் சுருளா வந்துச்சு. அப்புறம் எந்திரிக்கப் பாத்தா, முடியல.

"என்னங்க! கொஞ்சம் வாங்களேன்!"

வந்து நின்னாரு. "என்ன, சிம்மாசனத்த விட்டு எறங்க மனசு வரலயா?"

"கிண்டல் பண்ணாம கையக் குடுங்க."

"ஏம்மா, இது உன் முழங்காலுக்கு எவ்வளவு கீழ இருக்கு! யாரு அளந்தா?"

நாந்தான். அளந்த அன்னிக்கு வலி குறைச்சலா இருந்துச்சு. சடக்குன்னு உக்காந்து எந்திரிச்சு, இதான் உயரம்னு பென்சில்ல கோடு போட்டு வெட்டிட்டேன். மோசமான நாளும் வருமேன்னு தோணவே இல்ல. பதினோரு வருஷமா தெனமும் பாக்கற ஆள ஒரே நாள்ல மறந்திருக்கேன் பாருங்க.

அப்ப பாத்து போன் அடிக்குது. பொண்ணு. அவரு என்னைப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன்.

"அம்மாவா? உக்காந்திருக்கா. ஆமா, சும்மாதான் உக்காந்திருக்கா. எந்திரிச்சதும் பேசச் சொல்றேன்."

சிரிச்சா முதுகு இழுக்குமேன்னு வாயப் பொத்திக்கிட்டேன். போன வச்சுட்டு, கக்கத்துல கைய விட்டு என்னைத் தூக்கி நிறுத்தினாரு. "இந்த ஒரு தடவதான். அடுத்த தடவ நானே அவள வரச் சொல்லிடுவேன்"னாரு. அவரு சிரிக்கல.

இன்னிக்கு ஸ்டூல் காலுக்கு அடியில வைக்க நாலு கட்டை செய்யறேன். நாலு விரல் உயரம், நடுவுல கால் நிக்கக் குழி. நல்ல நாள்னா எடுத்துடலாம். இந்தத் தடவ வலிச்சுக்கிட்டு இருக்கும்போதேதான் அளந்தேன்.

ரெண்டு முடிஞ்சுது. மிச்சம் ரெண்டும் கெடக்கட்டும். நான் போய்க் கொஞ்சம் சாயறேன்.